பிரைமர் பதிக்க எந்த முறை? என் தேர்வு கைக்கருவி

எங்கள் எலவனாசூர்கோட்டைப் பக்கம் துப்பாக்கி என்றாலே கல்வராயன் மலையின் நாட்டுத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் குழல் வாய் வழியே போகும். பற்றவைக்கும் தொப்பியை வெளியே தனியாக மாட்டுவார்கள். இன்றைய தோட்டாவில் அந்த வேலையைச் செய்வது அடிப்பகுதியில் பதிந்திருக்கும் பிரைமர். நான் வசிக்கும் டெக்சாஸில், சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் புது பிரைமர் பதித்துத் தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பது குறிபார்த்துச் சுடுபவர்களின் வழக்கம். அந்த வேலையில் கைப்பக்குவம் அதிகம் தேவைப்படும் கட்டம் பிரைமர் பதிப்பதுதான்.

பிரைமர், கூட்டின் அடிமட்டத்தைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இறங்கி நிற்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் ரிவால்வரின் உருளை சிக்கும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியில் அகாலமாக வெடிக்கவும் கூடும். அடிவரை இறங்காவிட்டால், துப்பாக்கியின் சுடும் ஊசி மோதும் விசை பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகி, தோட்டா வெடிக்காமல் போகலாம்.

இனி பதிக்கும் முறைகளைப் பார்ப்போம்.

தோட்டா தயாரிக்கும் பிரஸ்ஸிலேயே பதிப்பது: தனிச் செலவு இல்லை. ஆனால் நீளமான நெம்புகோல் பெரும் விசை தருவதால், பிரைமர் அடியைத் தொட்டதா என்பது கைக்கு எட்டுவதில்லை.

மேசைக்கருவி: நிதானமானது, நூற்றுக்கணக்கில் பதித்தாலும் கை வலிக்காது. மேசையில் நிரந்தர இடம் வேண்டும்; விலையும் கூடுதல்.

கைக்கருவி: உள்ளங்கையில் பிடித்து அழுத்துவது. பிரைமர் அடியைத் தொடும் கணம் விரலுக்கே தெரிகிறது. வழக்கத்தைவிட லேசாக இறங்கினால், கூட்டில் பிரைமர் அமரும் குழி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கூட்டை ஒதுக்கிவிடலாம். லீ நிறுவனத்தின் ஆட்டோ பிரைமுக்குத் தனிக் கூடுபிடிப்பான் வாங்க வேண்டும். ஆர்சிபிஎஸ் யுனிவர்சலுக்கு அது தேவையில்லை. நீண்ட நேரம் அழுத்தினால் கட்டைவிரல் வலிப்பது ஒன்றே குறை.

எந்த முறையானாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். இறங்க மறுக்கும் பிரைமரை நசுக்கித் திணிக்காதீர்கள். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

துல்லியம் விரும்பும் புதியவருக்கு என் பரிந்துரை கைக்கருவி. ஆயிரக்கணக்கில் பிஸ்டல் தோட்டா தயாரிப்பவருக்குப் பிரஸ் போதும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்க மத்திய உரிமம் வேண்டாம்; விற்பதானால் உரிமம் வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல், தோட்டாவை வைத்திருப்பதே குற்றம். இந்தியாவிலோ 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் எந்திரமும்கூட 'தோட்டா'தான்; உரிமமின்றித் தயாரிப்பது குற்றம். ஆகவே ஊரிலுள்ள தம்பிகளே, இந்தக் கருவியை வாங்கி அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். சுடும் ஆர்வம் இருந்தால், உரிமம் தேவைப்படாத 4.5 மி.மீ. குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள். அதற்கு பிரைமரே வேண்டாம்.