மியன்மா அரசவையின் காவல் உருவங்கள்

பர்மிய அரண்மனை வாயில்களிலும் பகோடாப் படிக்கட்டுகளிலும் இணையாக அமர்ந்திருக்கும் 'சிந்தே' எனும் சிங்கம், சிங்கமே வாழாத நாட்டில் பிறந்த சிற்பமாதலால், கண்ணால் கண்ட விலங்கைவிடச் செவிவழிக் கதைக்கே பெரிதும் கடன்பட்டது. அதனினும் நுட்பமானது மனுத்தீஹா, அதாவது மனிதத் தலையும் இரட்டைச் சிங்க உடலும் கொண்ட உருவம். பகோடா மூலையில் இதனை அமர்த்தும்போது ஈருடல்களும் இருபக்கச் சுவர்களை ஒட்டிப் பின்னோக்கி நீள, ஒரே முகம் இரு திசைகளையும் காக்கிறது. கட்டடக்கலைச் சிக்கல் ஒன்றுக்குப் புராணமே விடையளித்த அழகு இது. ஐந்து விலங்குகளின் உறுப்புகளை இணைத்த பின்சரூபா (பாலிமொழிப் பஞ்சரூபம்) அலங்காரத்தில் விஞ்சினும் இத்தகைய சிக்கனம் அதற்கு இல்லை.

இக்கலையின் உச்சம் 'தீஹாத்தன' எனும் அரியணையாகும். பாலியின் சீஹாசனமே பர்மிய நாவில் இவ்வாறு திரிந்தது, தமிழின் சிம்மாசனமும் அதற்கு உறவே. குமிழ மரத்தில் செதுக்கிப் பொன்முலாம் பூசிய இதன் மாடங்களில் சிறு சிங்கங்கள் காவலிருக்கின்றன. அரசனின் பெருமையைப் பேருருவால் அன்றி எண்ணிக்கையாலும் ஒழுங்காலும் உணர்த்தியதே தச்சரின் தேர்ச்சி. 1885இல் மாண்டலே வீழ்ந்தபின் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் 1945இல் அரண்மனையை அழித்த தீயிலிருந்து தப்பிய இவ்வரியணை, 1948இல் பர்மாவுக்குத் திரும்பி, இன்று யாங்கோன் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.