காசுப் பொறியா, வீட்டுப் பெட்டியா?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ளது இண்டூர். அங்கே என் அடுத்த வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் இருக்கிறார். பொதுத் தேர்வு முடிந்த மறுநாள் தம் கணிப்பொறியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2019 ஜூன் மாதம் வெளியிட்ட 'கான்ட்ரா' ஆட்டத் தொகுப்பு அதில் இருந்தது. திறந்து பார்த்தால் கான்ட்ரா என்ற பெயரே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நிற்கிறது. ஒன்று, 1987இல் காசு போட்டு ஆடும் பொறிக்காகச் செய்யப்பட்டது. மற்றொன்று, 1988இல் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடுவதற்காகச் செய்யப்பட்டது.

"எது சார் அசல்? அதை மட்டும் ஆடினால் போதும் இல்லையா?" என்றார்.

இந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு முன்பே ஒளிந்திருக்கிறது. முதலில் வந்தது அசல், பின்னால் வந்தது நகல், நகல் என்றால் மட்டம் என்பது அத்தீர்ப்பு. ஓவியத்திற்கு இது பொருந்தலாம். மின்னணு ஆட்டத்திற்குப் பொருந்துமா என்று பார்ப்போம்.

கான்ட்ராவை அறியாதவர்களுக்கு ஒரு சொல். இரண்டு வீரர்கள் காட்டுக்குள் ஓடிக்கொண்டே சுடுகிறார்கள். எதிரியின் ஒரு குண்டு பட்டாலும் ஓர் உயிர் போயிற்று. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

காசுப் பொறி என்பது கடைக்காரர் ஒருவர் போட்ட முதல். ஒரே காசில் ஒருவர் அரை மணி நேரம் நின்றுவிட்டால், பின்னால் நிற்பவர் சலித்துப் போய்விடுவார். எனவே ஆடுபவரை விரைவில் வீழ்த்த வேண்டும். ஆனால் 'இன்னும் ஒரு முறை ஆடினால் வென்றுவிடலாம்' என்ற ஆசை குறையாமலும் வீழ்த்த வேண்டும். 1987 கான்ட்ரா இக்கணக்கை நன்கு அறிந்தது. அதன் கோட்டைக் கட்டங்களில் கடிகாரம் ஓடுகிறது. நின்று நிதானித்தால் ஆட்டம் போய்விடும். வீட்டுப் பதிப்பில் அந்தக் கடிகாரமே இல்லை. கேசட்டை விலை கொடுத்து வாங்கியவரை வெளியே தள்ளுவதால் யாருக்கு என்ன இலாபம்?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இத்தகைய பொறிகளின் உள்ளே மின்சுற்றுப் பலகையில் சிறு சுவிட்சுகள் உண்டு. உயிர்கள் எத்தனை, கடினம் எவ்வளவு என்பவற்றைக் கடைக்காரரே அவற்றைக் கொண்டு மாற்றி வைக்கலாம். ஆகவே ஒரு கடையில் ஆடிய கான்ட்ராவும் அடுத்த தெருக் கடையில் ஆடிய கான்ட்ராவும் ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை. இவற்றுள் எதை அசல் என்பது?

இனித் திரையைப் பார்ப்போம். காசுப் பொறிக் கான்ட்ராவின் திரை நெட்டுவாக்கில் நிற்பது. அருவியின் மேல் ஏறிச் செல்லும் கட்டத்தில் இது அருமையாக உதவுகிறது. மேலே வெகு தூரம் தெரிகிறது. ஆனால் காட்டுக் கட்டத்தில் வீரன் வலப்பக்கமாக ஓடுகிறான். அகலம் குறைந்த திரையில் எதிரி கண்ணில் படுவதற்கும் குண்டு மேலே படுவதற்கும் இடையே நேரம் மிகக் குறைவு. வீட்டுத் தொலைக்காட்சியோ அகலவாக்கில் அமைந்தது. ஓடும் ஆட்டத்தில் முன்னால் வருவதைக் காண்பதே பாதி வெற்றி. இந்த ஒரு காரணத்தினாலேயே முதற் கட்டத்தில் என் வாக்கு வீட்டுப் பதிப்புக்குத்தான்.

பொறியின் ஆற்றல் என்று பார்த்தால் போட்டியே இல்லை. நின்டென்டோவின் பெட்டியில் தற்காலிக நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. அதன் படச் சில்லு நகரும் உருவங்களுக்காக 64 சிறு படத்துண்டுகளை வைத்துக்கொள்ளும். ஆனால் திரையின் ஒரு கிடைவரியில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் வரையாது. எட்டு இருக்கை உள்ள வண்டியில் பத்துப் பேர் ஏறினால் என்ன செய்வது? ஒவ்வொரு நடையிலும் வேறு இருவரை இறக்கிவிடலாம். ஆட்டத்தை எழுதுவோரும் அதையே செய்தார்கள். அதனால்தான் கூட்டம் மிகும்போது உருவங்கள் மின்னி மின்னி மறைகின்றன. காசுப் பொறியின் படங்கள் வண்ணமும் நுணுக்கமும் மிக்கவை. யமஹாவின் ஒலிச் சில்லு தரும் இசையும் கனமானது.

இருந்தும் வீட்டுப் பதிப்பைச் செய்தவர்கள் இருப்பதைச் சுருக்கி எழுதிவிட்டு எழுந்துவிடவில்லை. காசுப் பொறியில் பனிவெளி முதல் இறுதிக் குகை வரை ஒரே கட்டமாக வருவதை, அவர்கள் நான்கு தனிக் கட்டங்களாக விரித்தார்கள். புதிய பெரும் எதிரிகளையும் வைத்தார்கள். மொத்தம் எட்டுக் கட்டங்கள். இதை நகல் என்பதைவிட மறு ஆக்கம் என்பதே பொருந்தும்.

வீட்டுப் பதிப்பு எப்போதும் இப்படி வெல்லும் என்று எண்ணிவிட வேண்டாம். 1981இல் வந்த 'டாங்கி காங்' காசுப் பொறியில் நான்கு கட்டங்கள். 1983இல் வந்த வீட்டுக் கேசட்டில், வெறும் 24 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்ததால், ஓடும் பட்டைகள் கொண்ட தொழிற்சாலைக் கட்டம் முழுவதுமாக விடுபட்டுப்போயிற்று. அங்கே காசுப் பொறியையே கேட்டு வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் என் பக்கச் சார்பு ஒன்றும் கலந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாட்களில் கான்ட்ராவின் காசுப் பொறியை நான் கண்ணால் கண்டதில்லை. எங்களுக்கு அது அரிய பொருள். வீட்டுப் பெட்டியும் எங்கள் வீட்டில் இல்லை. 1990களில் நான் ஆடியது, 'டி.வி. கேம்' என்று பலகை மாட்டிய கடையில், மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி. நின்டென்டோ பெட்டியைப் போலச் செய்த உரிமம் பெறாத பெட்டி. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருக்கும். எண்ணினால் அதே ஆட்டங்கள் திரும்பத் திரும்ப வரும்.

இந்த மூன்றாவது ஏற்பாட்டைப் பற்றி ஒப்பீடுகளில் எவரும் எழுதக் காணோம். காசுப் பொறியில் செத்தால் பணம் போகும். சொந்தப் பெட்டியில் ஒன்றும் போகாது. எங்கள் கடையிலோ செத்தாலும் பிழைத்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். செத்து முதலிலிருந்து தொடங்குவது நேர நட்டம். அதனால்தான் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ என்று அழுத்தி முப்பது உயிர் பெறும் வித்தை எங்களுக்கு வேதமாயிற்று. இந்த வித்தை பிறந்ததும் ஒரு வீட்டுப் பதிப்பில்தான். 1985இல் வந்த 'கிரேடியஸ்' காசுப் பொறி ஆட்டத்தை 1986இல் வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கத் தமக்கே கடினமாக இருந்ததால் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் இதை உள்ளே வைத்தார். அவர் 2020இல் காலமானார்.

இன்னொரு செய்தி என் பெருமையைச் சற்றுக் குறைக்கிறது. ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் நொடிக்குச் சுமார் 60 படங்கள் காட்டுபவை. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 50 புலங்கள். 60க்கு எழுதிய ஆட்டத்தை 50க்குச் செய்த பெட்டியில் இட்டால், அது ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். மாணவரின் கணிப்பொறியில் அதே கட்டத்தை ஆடியபோது, பழைய கைப்பழக்கத்துடன் குதித்த நான் மூன்று முறை நேராகக் குண்டின் மேலேயே போய் விழுந்தேன். "நீங்க இதில் கெட்டிக்காரர்னு சொன்னீங்களே சார்!" என்றார் அவர்.

மாணவருக்கு நான் சொன்னது இதுதான். முதலில் வீட்டுப் பதிப்பை ஆடு; ஆட்டம் என்ற முறையில் அதுவே நிறைவானது. பிறகு காசுப் பொறியைத் திற. ஆனால் தொகுப்பில் ஒரு பொத்தானை அழுத்தினாலே காசு விழுந்ததாகக் கணக்கு. அப்படி அழுத்திக்கொண்டே முடித்துவிட்டால் நீ பார்த்தது படம் மட்டும்தான், ஆட்டம் அன்று. ஒரு நாளைக்கு மூன்று காசு என்று வைத்துக்கொள்.

நான்கு நாட்களாகின்றன. நேற்று மாலை வரை அவர் அருவியைத் தாண்டவில்லை. மூன்றாவது காசு எப்போதும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.