முதுகுப் பக்கம்

எழும்பூர் மியூசியத்துக்குப் போய்வந்தேன் என்று கூடுவாஞ்சேரியில் யாரிடம் சொன்னாலும், "நடராஜரைப் பார்த்தீங்களா சார்?" என்றுதான் கேட்கிறார்கள். பார்த்தேன். திருவாலங்காட்டு நடராஜரைக் குறை சொல்ல நான் யார்? திருவாசி கிடையாது, விரிசடை கிடையாது. வெறும் உடம்பை வைத்தே ஆடிக் காட்டிவிடுகிறார். ரோதான் என்ற மகாசிற்பி சென்னைக்கு வராமலே, புகைப்படங்களை மட்டும் பார்த்து 1913-ல் சொக்கிப்போய் எழுதினார். அவர் காலமானபின், 1921-ல் அது அச்சேறியது. அந்தப் புகழ்தான் வினை. வருகிறவர்கள் எல்லாரும் அவர் முன்னாலேயே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

என் ஓட்டு திருவெண்காட்டு அர்த்தநாரிக்கு. பதினோராம் நூற்றாண்டு வேலை. மூன்றே கைகள்: அவன் பக்கம் இரண்டு, அவள் பக்கம் ஒன்று. நாலாவது கை இருந்திருந்தால் அவள் பக்கம் கனத்துப்போயிருக்கும். ஸ்தபதிக்கு அது தெரிந்திருக்கிறது. அவன் ஆடை தொடையோடு நின்றுவிடுகிறது, அவளுடையது கணுக்கால்வரை இறங்குகிறது. இதையெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்லிவிடுவார். நான் பார்க்கச் சொல்வது இடுப்பை. வலது விலா கட்டுமஸ்தாக நேரே இறங்கி வருகிறது; இடது பக்கம் ஒடுங்கி, உடனே வெளியே வளைகிறது. இரண்டும் சேரும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் முடியாது. நல்ல தையற்காரன் போட்ட ஒட்டு மாதிரி, இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது.

நேர் எதிரே நிற்காதீர்கள். பக்கவாட்டில் ஒதுங்கி, கண்ணாடியில் விளக்கு அடிக்காத கோணம் பிடித்து, முதுகுப் பக்கம் எட்டிப் பாருங்கள். கோயிலில் இதற்கு வழியே இல்லை. பட்டும் மாலையும் கவசமுமாக அலங்காரம் செய்தபின் உற்சவருக்கு முகம் மட்டுந்தான் மிச்சம். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே மெழுகில் அத்தனை இழைத்திருக்கிறார்கள். இன்று கடைகளில் விற்கும் பஞ்சலோகச் சிலைகளைத் திருப்பிப் பாருங்கள். பல சிலைகளில் முதுகு வழவழவென்று வெறுமையாக இருக்கும்.

தஞ்சாவூர்க் கட்சிக்காரர் ஒருவர் எனக்கு நண்பர். கலைக்கூடத்து ரிஷபவாகனர்தான் உலகிலேயே உயர்ந்தவர் என்பார். அந்த ரிஷபவாகனரும் திருவெண்காட்டுக்காரர்தான், 1011-ம் ஆண்டைச் சேர்ந்தவர். காளை காணாமல் போயும் கை மட்டும் அதன்மேல் சாய்ந்தபடியே இருக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தலைப்பாகை மாதிரி சுற்றிய அந்தச் சடை பாதி ரசிகர்களை மயக்கிவிடுகிறது. அர்த்தநாரிக்கு அந்த மாதிரி சிபாரிசு எதுவும் கிடையாது.

மார்கழியில் மியூசியத்தோடு சாயங்காலக் கச்சேரியையும் சேர்த்துக்கொண்டால் சனிக்கிழமை பூர்த்தியாகும். அங்கேயும் என் கண் முன்வரிசையில் நிற்பதில்லை. பாடகருக்குப் பின்னால் தம்பூராவைத் தேடும். பழைய எம்.எஸ். படங்களில் பின்னால் தம்பூரா நிமிர்ந்து நிற்கும். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நாலு தந்தி. குதிரைமேல் ஜீவாளி நூலை ஒரு நெல்லளவு நகர்த்தினால் நாதம் மலர்கிறது, இன்னும் கொஞ்சம் தள்ளினால் செத்துவிடுகிறது. அந்த இடத்தைக் காது வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கச்சேரி தொடங்குமுன் திரைக்குப் பின்னால் அந்தச் சுருதி சேர்க்கும் ஐந்து நிமிஷத்துக்காகவே நான் சீக்கிரம் போவதுண்டு.

இப்போது பல மேடைகளில் தம்பூராவுக்குப் பதில் சுருதிப் பெட்டிதான், அதுவும் போய் செல்போன் ஆப். சுருதி பிசகாது என்கிறார்கள். உண்மைதான், பிசகாது; ஆனால் மூச்சும் விடாது. போன சீசனில் ஒரு சபாவில் தம்பூரா வைத்திருந்தார்கள், பின்னால் ஒரு பெண் மீட்டிக்கொண்டும் இருந்தாள். அதற்கு மைக் வைக்கவில்லை. பெட்டிக்கு வைத்திருந்தார்கள். தம்பூராவுக்குப் படத்தில் மட்டும் வேலை! மிருதங்கத்தின் இடந்தலை கும்கி நாலாவது வரிசையில் நெஞ்சை இடிக்கிற அளவுக்கு ஒலிபெருக்கி. அதற்குள் பெட்டியே கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கேன்டீனுக்குப் போகிறவர்களைத் திட்டுவது ரசிகர்களின் பழைய வழக்கம். நான் திட்டுவதில்லை. செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்க வேண்டிய நாங்கள் எல்லாரும் துக்கடாவில் நழுவுகிறவர்கள்தான். மங்களம்வரை உட்கார்ந்திருப்பது மயிலாப்பூர்வாசிகளுக்குக் கிடைத்த வரம்.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று மியூசியம் விடுமுறை. எழும்பூரில் இறங்கினால் பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம். முதலில் நேராக வெண்கலக் கூடம். கால் ஓய்ந்தபின் அங்கே போனால் எல்லாச் சாமியும் ஒன்றாகத்தான் தெரியும். அமராவதிக் கற்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். கச்சேரிக்கு நடு இருக்கை கேட்காதீர்கள். ஓரமாக, தம்பூராக்காரியின் விரல் தெரிகிற பக்கம் கேளுங்கள். டிக்கெட்டும் அங்கே பெரும்பாலும் மலிவு.