கணித்தவர் யார்? – மார்க் வைசரின் கட்டுரையை முன்வைத்து

அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணிபுரிந்த மார்க் வைசர், 1991 செப்டம்பரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இருபத்தோராம் நூற்றாண்டின் கணினியைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினார். கணினி மேசைமீது அமர்ந்து நம் கவனத்தைக் கோரும் பெட்டியாக நீடிக்காது. சுவர், கதவு, சட்டைப்பை, சமையலறை என எங்கும் பரவி, இருப்பதே தெரியாதபடி வாழ்வோடு கலந்துவிடும் என்பது அதன் சாரம். வைசர் 1999இல் காலமானார். அவர் எதிர்பார்த்தது மதுரையின் மாசி வீதிகளிலும் மேலூரின் வயல்வெளிகளிலும் இன்று பெருமளவு நடந்தேறியிருக்கிறது. ஆகவே அக்கட்டுரையை நம் மரபின் கண்கொண்டு மீண்டும் வாசிப்பது தகும்.

வைசர் தம் வாதத்திற்கு முதற்சான்றாகக் கொள்வது எழுத்தை. எழுத்து ஒரு தொழில்நுட்பமே என்பதை நாம் மறந்துவிட்டோம். அவ்வாறு மறக்கப்படுவதே ஒரு தொழில்நுட்பத்தின் நிறைவு என்கிறார். அழகிய வாதம்தான். ஆயினும் நம்மால் முழுதும் உடன்பட இயலவில்லை. அரபுக் கல்லூரியில் ஒரு கிதாபை ஓதுகிறவர், அதை யாரிடம் ஓதினார், அவர் யாரிடம் ஓதினார் என்னும் ஸனதையும் சேர்த்தே பெறுகிறார். எழுத்து எவ்வளவு பழகிப்போனாலும், அதற்குப் பொறுப்பேற்றவரின் பெயர் அங்கே மறைவதில்லை. வைசர் கருவி மறைவதைக் கண்டார். கருவியோடு அதனுள் முடிவெடுத்தவரும் சேர்ந்து மறைவதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் கைப்பேசியிலுள்ள தொழுகை நேரச் செயலியே போதும். இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகையைச் சார்ந்தது. மதுரையோ அதற்கு மேற்கே, ஏறத்தாழ 78 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். எனவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டு மணி பதினேழு நிமிடத்தை ஒட்டியே. சென்னையைவிட எட்டரை நிமிடம் பிந்தி. கிப்லாவும் நேர்மேற்கன்று; மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 22 பாகை திரும்பியது. இவற்றையெல்லாம் செயலி ஒரு நொடியில் சரியாகவே கணித்துத் தருகிறது. இதில் குறை காண்பது நன்றியின்மை.

ஆனால் ஃபஜ்ரு நேரம் வெறும் கணக்கன்று. சூரியன் அடிவானுக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது வைகறை வெளுக்கிறது? கராச்சிப் பல்கலைக்கழக முறை 18 என்கிறது. வட அமெரிக்க முறை 15 என்கிறது. உம்முல் குரா முறை 18½ என்கிறது. செயலியில் இவற்றுள் எது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது என்பது செயலிக்குச் செயலி மாறும். 15க்கும் 18க்கும் இடையே மதுரையில் பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாத வேறுபாடு உண்டு. ரமளானில் 15 பாகைச் செயலியை நம்பி ஸஹர் உண்பவர், பள்ளிவாசலில் 18 பாகைக் கணக்கின்படி ஃபஜ்ரு பாங்கு ஒலித்த பின்னும் உண்டுகொண்டிருப்பார். அஸ்ரிலும் இதே சிக்கல். ஹனஃபி மத்ஹபைச் சார்ந்த இராவுத்தர்களும் ஷாஃபிஈ மத்ஹபினரும் அருகருகே வாழும் ஊர் இது. நிழலின் அளவு ஒரு மடங்கா இரு மடங்கா என்னும் ஃபிக்ஹு முடிவை ஏதோ ஒரு நாட்டு மென்பொருளாளர் நமக்காக எடுத்துவிடுகிறார். அமைப்புப் பகுதியைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர், ஹிஜ்ரி 773இல் (கி.பி. 1371-72) அதன் மினாராவில் சூரியக் கடிகாரம் ஒன்றை அமைத்தார். நேரத்தில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். நம் பள்ளிவாசல்களில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் நேர அட்டவணைகளிலும் கணித்த ஆலிமின் பெயர் அச்சிடப்படுவது வழக்கம்.

இரண்டாவது செய்தி இதனினும் கடுமையானது. நேரமும் கிப்லாவும் கணிக்கச் செயலிக்கு நம் இருப்பிடம் தேவை. 9.8 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டதாகக் கூறப்பட்ட 'முஸ்லிம் புரோ' செயலியின் இருப்பிடத் தரவுகள், 'எக்ஸ்-மோட்' என்னும் நிறுவனத்தின் வழியே அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களைச் சென்றடைந்ததை 'மதர்போர்டு' இதழ் 2020 நவம்பரில் வெளிக்கொணர்ந்தது. எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக்கொள்வதாகச் செயலியினர் அறிவித்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், எக்ஸ்-மோடும் அதன் வழிவந்த நிறுவனமும் அந்தரங்கத்தைப் பாதிக்கக்கூடிய இருப்பிடத் தரவுகளை விற்பதற்குத் தடை விதித்தது. தொழுகைக்காகத் திசை கேட்டவரின் இருப்பிடம் போர்த்துறையின் சந்தையில் சரக்காயிற்று!

பிறர் இல்லத்தில் அனுமதி பெறாது நுழையலாகாது என்பது சூரத்துந் நூரின் 27ஆம் வசனம் காட்டும் ஒழுங்கு. துருவி ஆராய்தலைச் சூரத்துல் ஹுஜுராத் விலக்குகிறது. அனுமதி கோருதல் பார்வையைக் காக்கவே என்று நபிமொழி விளக்குவதைக் கொண்டு, பலகணி வழியே எட்டிப் பார்ப்பதும் நுழைவதாகவே ஃபுகஹாக்கள் கருதினர். ஒருமுறை 'சம்மதம்' என்று தொட்டதை என்றென்றைக்குமான அனுமதியாகக் கொள்வது இஸ்திஃதானின் இலக்கணத்தில் அடங்காது. வந்தவர் தம் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டார் மறுத்தால் திரும்பிச் செல்ல வேண்டும். செயலியோ மறுத்தவரிடம் மீண்டும் மீண்டும் கேட்கிறது.

வைசருக்கு நீதி செய்யவேண்டும். ஒவ்வோர் அறையிலும் நூற்றுக்கணக்கான கணினிகள் இருந்தால் கொடுங்கோலருக்கு எத்தகைய வாய்ப்பு அமையும் என்பதை அவரே எச்சரித்தார். மறைகுறியீட்டு முறைகள் காக்கும் என்றும் நம்பினார்.  ஆயினும் திருடத் தேவையின்றி, நிறுவனமே தரவை விலைக்கு விற்கும் காலத்தை அவர் கட்டுரை விரிவாகப் பேசவில்லை.

மேலூர் வட்டத்துக் கிராமங்களில் 2001இல் ஐ.ஐ.டி. மதராஸ் முதலியோர் இணைய நிலையங்களை நிறுவினர். அவற்றுட் பெரும்பாலானவை நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆயினும் அங்கே கணினி எல்லார் கண்ணிலும் பட்டது. அதன் அருகே ஊரார் அறிந்த ஒருவர் அமர்ந்திருந்தார். தவறு நேர்ந்தால் அவரைக் கேட்கலாம். இன்று ஜமாஅத்துகள் தத்தம் பகுதிக்கென ஒரு கணிப்பு முறையை ஆலிம்களைக் கொண்டு முடிவுசெய்து, அதன் பாகையையும் அஸ்ரின் நிழலளவையும், முடிவுசெய்தோர் பெயரோடு பள்ளிவாசல் பலகையில் எழுதி வைப்பது கடினமான செயலன்று. செயலியை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளவும், இருப்பிடத்தை அணைத்துவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் தட்டெழுதவும் பல செயலிகள் இடம் தருகின்றன.