கியர் மாற்றும் வேகமும் அதன் விலையும்

டிராக் பந்தயத்தின் மரபான தூரம் கால் மைல். மீட்டரில் சொன்னால் 402. வளைவு கிடையாது, எல்லைக்கோட்டைத் தாண்டும் வரை பிரேக்குக்கும் வேலை கிடையாது. இந்தக் குறுகிய ஓட்டத்தில் மேனுவல் கியர் கார் ஓட்டுபவர் தன் கைத்திறனைக் காட்ட இரண்டே இடங்கள்தாம் உண்டு: கிளம்பும் கணம், கியர் மாற்றும் கணங்கள். அதனால்தான் அமெரிக்காவில் வேர்விட்ட இந்த விளையாட்டில் ‘பவர்ஷிஃப்ட்’ முறைக்கு அத்தனை மதிப்பு. ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திய கால் அப்படியே இருக்க, கிளட்ச்சை ஒரு தட்டு தட்டி அடுத்த கியரைப் போட்டுவிடுவதுதான் பவர்ஷிஃப்ட். ஓட்டுநரின் துணிச்சலுக்கு இதுவே அளவுகோல் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. கியர் பாக்ஸைக் கொல்லும் முரட்டுத்தனம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தக் கியர் மாற்றத்தில் எவ்வளவு லாபம், எங்கே எவ்வளவு ஆபத்து என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த முறையை நியாயமாக எடைபோட முடியும்.

முதலில் லாபத்தைப் பார்ப்போம். சாதாரணமாகக் கியர் மாற்றும்போது காலை எடுக்கிறோம், கிளட்ச்சை மிதிக்கிறோம், லிவரை நகர்த்துகிறோம், கிளட்ச்சை விட்டு மறுபடி ஆக்சிலரேட்டரை அழுத்துகிறோம். இதற்கெல்லாம் அரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை வினாடியும் சக்கரத்துக்கு இன்ஜினின் விசை போகாது. பவர்ஷிஃப்ட் செய்பவர் இதே வேலையை 0.2 வினாடியில் முடித்தால், ஒவ்வொரு மாற்றத்திலும் 0.3 வினாடி மிச்சம். இன்ஜினின் வேகம் இறங்காததால் சுழலும் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றலும் கிளட்ச் பிடித்தவுடன் காரை ஓர் உந்து உந்தும். டர்போ இன்ஜினாக இருந்தால் டர்போவின் அழுத்தமும் விழாது.

மூன்று மாற்றங்கள் என்றால் லாபம் 0.9 வினாடி என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. விசை நின்ற நேரத்திலும் கார் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. வேகமாக ஓடும் கார் அந்த நேரத்திலும் கணிசமான தூரத்தைக் கடந்துவிடும். கோட்டை மணிக்கு 170 கிலோமீட்டரில் கடக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அது 60, 100, 140 கிலோமீட்டர் வேகங்களில் கியர் மாற்றுகிறது. காற்றின் தடையையும் ஃப்ளைவீலின் உந்தலையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது மிச்சமாவது 0.19 வினாடி. இரண்டிலிருந்து மூன்றுக்கு 0.12. மூன்றிலிருந்து நான்குக்கு வெறும் 0.05. மொத்தம் 0.37 வினாடிதான். ஆனாலும் அது சிறிய தொகை அல்ல. கோட்டருகே அது ஏறத்தாழ நான்கு கார் நீளம். அந்த லாபத்தில் பாதிக்கு மேல் முதல் மாற்றத்திலேயே கிடைத்துவிடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

இனி விலை. நம் வீட்டுக் கார்களில் இருக்கும் கியர் பாக்ஸில் முன்னோக்கி ஓடும் ஒவ்வொரு கியருக்கும் சின்க்ரோ வளையம் உண்டு. பெரும்பாலும் பித்தளையில் செய்தது. கியர் விழுவதற்கு முன் இந்த வளையம் கியரின் கூம்பு வடிவ முகத்தில் உரசி, சுழலும் இரண்டு பாகங்களின் வேகத்தையும் சமமாக்குகிறது. சமமாகும் வரை தன் பற்களால் வழியை மறித்து நிற்கும், சமமானதும் விலகிக்கொள்ளும். மேலே சொன்ன கார் 6,000 ஆர்பிஎம்மில் முதல் கியரை விட்டால், இரண்டாவது கியருக்குத் தேவையான வேகம் 3,600. அதாவது கிளட்ச் தட்டும் அதோடு சுழலும் தண்டும் 2,400 சுற்று இறங்க வேண்டும். கிளட்ச் முழுதாக விடுபட்டிருந்தால் வளையம் இதைச் சமாளித்துவிடும். கால் அரைகுறையாக மிதித்திருந்தால், முழு விசையில் ஓடும் இன்ஜினையே அந்த மெல்லிய வளையம் நிறுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். அது முடியாத காரியம். வளையம் தேய்கிறது, பற்களின் முனை மழுங்குகிறது, லிவரை அடித்துத் தள்ளும் வேகத்தில் உள்ளே இருக்கும் ஷிஃப்ட் ஃபோர்க் வளைகிறது. ஹர்ஸ்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற கியர் லிவர்களில், லிவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுக்கும் போல்ட்டுகள் இருப்பது இதற்காகத்தான். கையின் அடியை ஃபோர்க்குக்குப் பதில் அந்த போல்ட் வாங்கிக்கொள்ளும்.

கிளட்ச்சுக்கும் இதே கதிதான். உயர்ந்த சுழற்சியில் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சியோடு பிடிக்கும் கிளட்ச்சோ ஃப்ளைவீலோ உடைந்தால் துண்டுகள் குண்டு போலச் சிதறும். ஓட்டுநரின் கால்கள் இருப்பது அதன் பக்கத்தில். வேகமான கிளட்ச் கார்களில் அந்த இடத்தைச் சுற்றித் தடித்த எஃகுக் கவசம் வேண்டும் என்று அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்ஹெச்ஆர்ஏ கட்டாயப்படுத்துவதன் காரணம் இதுவே. கவசமில்லாத காரில் பவர்ஷிஃப்ட் பழகுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது விலை, கியர் தவறுவது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு லிவரை நேராகப் பின்னால் இழுத்தால் போதும். இரண்டிலிருந்து மூன்றுக்கு முன்னே தள்ளி, பக்கவாட்டில் நகர்த்தி, மீண்டும் முன்னே தள்ள வேண்டும். பெரும்பாலான தவறுகள் நேர்வது இங்கேதான். லிவர் நியூட்ரலில் மாட்டிக்கொண்டு ஒரு வினாடி தடுமாறினால், அதே கணக்குப்படி 0.41 வினாடி போய்விடும். மூன்று பவர்ஷிஃப்ட்டிலும் சேர்த்துச் சம்பாதித்ததை இந்த ஒரே தவறு விழுங்கிவிடுகிறது. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. அமெரிக்கக் கார்களில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்கார்ந்து வலக்கையால் லிவரை இழுக்கிறார். அவசரத்தில் கை தன் உடம்பை நோக்கிச் சாய்ந்தால் நான்குக்குப் பதில் இரண்டு விழும். 140 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது கியர் விழுந்தால் சக்கரங்களே இன்ஜினை 8,400 ஆர்பிஎம்முக்கு இழுத்துப்போகும். ரெவ் லிமிட்டர் எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் அங்கேயே முடிந்துவிடலாம்.

தேர்ந்த ஓட்டுநர்கள் லிவரை இறுகப் பிடிக்காததன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. மூன்றுக்குப் போகும்போது விரித்த உள்ளங்கையால் முன்னே தள்ளுவார்கள். நடுவுக்குக் கொண்டுவரும் வேலையை லிவரின் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். நான்குக்கு இழுக்கும்போது உள்ளங்கையை வெளிப்புறம் பார்க்கத் திருப்பி, உடம்பை விட்டு விலக்கியே இழுப்பார்கள். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் பிளிமத் கார்களில் ஓடிய ரானி சாக்ஸ், நான்கு கியர் காரை ஓட்டுவதில் இணையற்றவர் என்று இன்றும் பேசப்படுகிறார். அவர் பெயர் நிலைத்ததற்குக் கைவேகம் ஒரு காரணம். ஓட்டத்துக்கு ஓட்டம் கியரைத் தவறவிடாத நிதானம் அதைவிடப் பெரிய காரணம்.

வேகமாக மாற்றுவதே கியர் பாக்ஸுக்கு நல்லது என்ற நிலையும் உண்டு. டாக் வகைக் கியர் பாக்ஸில் சின்க்ரோ வளையமே இல்லை. இடைவெளி விட்டு அமைந்த சில பெரிய பற்கள் நேரடியாகக் கவ்வுகின்றன. இதில் தயங்கித் தயங்கிக் கியர் போட்டால்தான் பற்கள் ஒன்றையொன்று தட்டி மழுங்கும். ஒரே மூச்சில் போட்டால் நீடிக்கும். நம் ஊர் பைக்குகளின் கியர் பாக்ஸும் இந்த வகைதான். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடக்கும் பைக் டிராக் போட்டிகளில் குயிக்ஷிஃப்ட்டர் சாதனம் பற்றவைப்பை நொடியின் சிறு பங்குக்கு நிறுத்த, கிளட்ச் இல்லாமலே கியர் விழுவதும் அதனால்தான். அமெரிக்காவின் புரோ ஸ்டாக் பிரிவு 1970களிலேயே லென்கோ கியர் பாக்ஸுக்குப் போனது. அதில் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் தனி லிவர். குறுக்கே நகர்த்த வேண்டிய பாதையே இல்லை, எனவே தவறவும் வழியில்லை. இன்றைய புரோ ஸ்டாக் கார்கள் ஐந்து கியரோடு ஆறரை வினாடியில் கால் மைலை முடிக்கின்றன. கிளட்ச்சுக்கு வேலை கிளம்பும்போது மட்டும்தான்.

தொழிற்சாலைகளும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன. 2008 ஷெவர்லே கோபால்ட் எஸ்எஸ் டர்போ காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்காமல் கிளட்ச்சை மிதித்தாலே கணினி இன்ஜினைக் கட்டுப்படுத்தும் வசதி வந்தது. டிராக் ஓட்டத்துக்கென்றே வந்த 2018 டாட்ஜ் டீமனில் மேனுவல் கியரே கிடையாது. நேரம் மட்டுமே குறி என்றால் இந்தத் திசை சரி. மனிதக் கை இனி இயந்திரத்தை முந்தப் போவதில்லை.

அப்படியானால் தொழிற்சாலையில் வந்தபடி இருக்கும் மேனுவல் காரோடு டிராக் தடத்துக்குப் போகிறவருக்குப் பவர்ஷிஃப்ட் தேவையா? காலைக் கணநேரம் மட்டும் தளர்த்தி, கிளட்ச்சை முழுதாக மிதித்து, 0.3 வினாடியில் கியர் மாற்றப் பழகினால் முன்பு சொன்ன 0.37 வினாடியில் 0.25 கைக்கு வந்துவிடும். மிச்சமுள்ள 0.12 வினாடிக்காகத்தான் சின்க்ரோ வளையத்தையும் ஃபோர்க்கையும் இன்ஜினையும் பணயம் வைக்கிறோம். சாதாரண கியர் பாக்ஸில் அது நட்ட வியாபாரம் என்பதே என் தீர்ப்பு. செய்தே ஆக வேண்டும் என்றால் கவசத்தைப் பொருத்திக்கொண்டு, முதல் மாற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். லாபம் அங்கேதான் அதிகம், லிவரின் பாதையும் நேரானது. சின்க்ரோவின் மேல் விழும் பாரமும் அங்கேதான் அதிகம் என்பதை ஏற்றுக்கொண்டு செய்ய வேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் போகும்போது நிதானம் போதும். டாக் கியர் பாக்ஸும் கவசமும் பொருத்திய காரில் பவர்ஷிஃப்ட்டை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஆதரிக்கிறேன். பொதுச்சாலையில் எந்தக் காரிலும் இதற்கு இடமில்லை. அங்கே கியர் தவறினால் விலை கொடுப்பது ஓட்டுநர் மட்டும் அல்ல.

இந்த முறையின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. காலும் கையும் காதும் ஒரே கணத்தில் ஒத்துழைக்கும் இப்படி ஒரு பயிற்சியை ஆட்டோமேட்டிக் கார்கள் தர முடியாது. அந்த மரியாதை நிலைக்க வேண்டுமானால் கற்றுக்கொடுப்பவர்கள் வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் தவறாமல் மாற்றுவது, பிறகு வேகமாக மாற்றுவது, கடைசியாக, அதற்கென்று தயார்செய்த காரில் மட்டும், கால் எடுக்காமல் மாற்றுவது.