பிக்கோ நொடியைக் கண்ணால் பார்க்கலாம், வாருங்கள்!

மணப்பாறையில், மாட்டுச்சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில், என் வீட்டு மேசைமேல் நொடியின் லட்சம் கோடியில் சில பங்குகள் படமாக ஓடுகின்றன. ஒரு பிக்கோ நொடி என்பது அவ்வளவு சின்னது. ஒளியே அதற்குள் 0.3 மில்லிமீட்டர்தான் நகரும். அந்த அளவிலான நடுக்கத்தை, சில நூறு ரூபாய்ச் சில்லுகளையும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு லாஜிக் அனலைசரையும் வைத்துக்கொண்டு பார்க்க முடிகிறது. இதைவிடச் சந்தோஷமான பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

பெரும்பாலான டிஜிட்டல் கருவிகளைத் திறந்தால் உள்ளே கிளாக்காக ஒரு படிகம் துடித்துக்கொண்டிருக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் படிகம் என்றால் 100 நானோ நொடிக்கு ஒரு துடிப்பு. ஆனால் ஒவ்வொரு துடிப்பின் விளிம்பும் சொன்ன நேரத்துக்குச் சரியாக வருவதில்லை. ஒன்று ஒரு பொடி முந்தும், அடுத்தது ஒரு பொடி பிந்தும். இந்த முன்பின்தான் ஜிட்டர். 10 கிகாபிட் ஈதர்நெட்டில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் காலமே சுமார் 97 பிக்கோ நொடி. அங்கே கிளாக் ஐம்பது பிக்கோ நொடி ஆடினால் பூஜ்யம் எது, ஒன்று எது என்று தெரியாமல் போகும்.

இதை நேரடியாக அளக்கும் கருவிகள் லட்சங்களில் விற்கின்றன. என்னிடம் இருப்பதோ பழைய 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலாஸ்கோப். அதன் திரையில் 10 மெகாஹெர்ட்ஸ் அலை அசையாத சிலைபோல நிற்கும். பிக்கோ நொடியெல்லாம் அந்தக் கோட்டின் தடிமனுக்குள்ளேயே ஒளிந்துவிடும்.

அங்கேதான் ஒரு அற்புதமான உத்தி கைகொடுக்கிறது! தம்புராவில் சாரணியும் அனுசாரணியும் கிட்டத்தட்டச் சேர்ந்து, முழுதாகச் சேராமல் நிற்கும்போது ஒரு மெதுவான அலைவு கேட்குமே, அதே இயற்பியல்தான். டேவிட் ஆலனும் டாம்ஸும் 1975-ல் பிக்கோ நொடி வித்தியாசத்தை அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். சோதிக்க வேண்டிய கிளாக், நம்பகமான இன்னொரு கிளாக், இரண்டையும் சற்றே விலகிய மூன்றாவது ஆசிலேட்டரோடு கலப்பது. கலந்தால் வருவது மெதுவான அலைவு. வேகமான துடிப்பில் இருந்த நேரப் பிசகு அந்த அலைவில் பெருக்கப்பட்டு வெளியே வரும்.

நான் கலப்பதற்கு வைத்திருப்பது 74ஏசி74, சாதாரண டி ஃபிளிப்-ஃபிளாப். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். மூன்றாவது ஆசிலேட்டரை 10.001 மெகாஹெர்ட்ஸில் ஓட விடுகிறேன். அதன் ஒவ்வொரு துடிப்பிலும் ஃபிளிப்-ஃபிளாப் சோதனைக் கிளாக்கை எட்டிப் பார்த்து, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று குறித்துக்கொள்கிறது. அடுத்த துடிப்பில் பார்க்கும் இடம் 10 பிக்கோ நொடி தள்ளியிருக்கும். இப்படி நகர்ந்து நகர்ந்து, 100 நானோ நொடி அலை முழுதும் ஒரு மில்லி நொடிக்கு விரிந்துவிடுகிறது. பத்தாயிரம் மடங்கு பூதக்கண்ணாடி! ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் பிறந்த ஒயிட் ராபிட் நேர ஒத்திசைவு அமைப்புக்குள்ளும் இதே ஃபிளிப்-ஃபிளாப் உத்திதான் வேலை செய்கிறது என்று படித்தபோது எழுந்து நின்று கை தட்டினேன்.

வெளியே வரும் 1,000 ஹெர்ட்ஸ் அலையின் விளிம்பைப் பழைய ஸ்கோப்பில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே தாவலாக ஏற வேண்டிய விளிம்பு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், பிறகுதான் நிலைக்கும். அந்தத் தடுமாற்றம்தான் ஜிட்டர், நேருக்கு நேர்! மலிவான ஆசிலேட்டரில் அது ஐந்தாறு முறை தத்தளிக்கும். சூளைக்குள் வைத்துச் சூடு மாறாமல் காக்கும் ஓசிஎக்ஸ்ஓவைப் போட்டால் ஒன்றிரண்டோடு அடங்கிவிடும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வித்தியாசத்தை 10 ஹெர்ட்ஸாகக் குறைத்தால் பத்து லட்சம் மடங்கு பெரிதாகுமே என்று கேட்கலாம். ஆகும். ஆனால் நொடிக்குப் பத்து அளவுகள்தான் கிடைக்கும். அதில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் நடுக்கம் கண்ணில் படாது. எனக்கு அந்த 50 ஹெர்ட்ஸ்தான் முக்கியம். லாஜிக் அனலைசரில் ஆயிரம் அளவுகளை வரிசையாக எடுத்து ஃபூரியே கணக்கில் போட்டால், நடுக்கத்துக்குக் காரணமானவர்கள் ஒவ்வொருவராகத் தலைகாட்டுகிறார்கள். 100 ஹெர்ட்ஸில் ஒரு கோடு நிமிர்ந்தால், எங்கோ ஒரு மின்மாற்றி அடாப்டரின் சிற்றலை உள்ளே புகுகிறது என்று அர்த்தம். அதைப் பிடுங்கினால் கோடு படுத்துவிடும். 50-ல் நிற்பது வீட்டு வயர்களின் காந்தப்புலம். எல்லாவற்றையும் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினாலும் அது முழுதாகப் போகாது.

அதனால்தான் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எனக்குத் திருநாள். காலையில் தெருவுக்கே கரண்ட் போனதும் வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுவேன். "இந்த வேகாட்டுல ஃபேனையும் நிறுத்திட்டு என்னடா அப்படிப் பாக்குற?" என்று அம்மா கேட்பார். திரையைத் திருப்பிக் காட்டுவேன். 50, 100, 150 என்று நின்ற கோடுகள் அத்தனையும் மறைந்து, படிகத்தின் சொந்த நடுக்கம் மட்டும் மிச்சமிருக்கும். ஃபேன் நின்றதில் இன்னொரு லாபமும் உண்டு. திறந்த படிகத்தின்மேல் காற்று படும்போது அதன் வெப்பம் மயிரிழை மாறினாலும் அதிர்வெண் நகரும். ஒரு பஞ்சு உறையைக் கவிழ்த்து மூடினாலே அந்த மெதுவான அலைச்சல் பாதி அடங்குவதைப் பார்க்கலாம்.

இதில் ஊறியபின் இந்தியாவின் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நேவிக் பற்றிய செய்திகளையும் வேறு கண்ணோடு படிக்கிறேன். 2013-ல் ஏவப்பட்ட ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோளில் இருந்த வெளிநாட்டு ருபிடியம் கடிகாரங்கள் பின்னர் பழுதாயின. ஒரு நானோ நொடி பிசகினால் தூரக் கணக்கு 30 சென்டிமீட்டர் தவறும் துறை அது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01, அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய ருபிடியம் கடிகாரத்தைச் சுமந்து சென்றபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. அங்கே சவால் மாதக்கணக்கில் வழுவாமல் ஓடுவது, என் மேசையில் சவால் அடுத்த துடிப்பு. இரண்டையும் நேரத்தின் மேலுள்ள ஒரே காதல்தான் இழுத்துச் செல்கிறது.

நீங்களும் கட்டிப் பாருங்கள். ஒரு 74ஏசி74-க்குள் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் இருக்கிறதே என்று சோதனைக் கிளாக்கையும் நம்பகமான கிளாக்கையும் ஒரே சில்லில் ஏற்ற வேண்டாம். ஒன்றின் விளிம்பு மற்றதை இழுக்கும். தனித்தனிச் சில்லு போடுங்கள். ஒவ்வொன்றின் மின்கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கட்டும், வயர்கள் விரல் நீளத்தைத் தாண்ட வேண்டாம்.