சிங்கத்தைச் சுற்றி மூன்று சொற்கள்

ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனப் படங்களின் தொடக்கத்தில் கர்ஜிக்கும் சிங்கத்தைச் சுற்றி 'ஆர்ஸ் கிராட்டியா ஆர்ட்டிஸ்' என்று எழுதியிருக்கும். கோல்ட்வின் நிறுவனத்துக்காக 1910களில் ஹோவர்ட் டீட்ஸ் என்ற விளம்பரக்காரர் சிங்கத்தோடு சேர்த்து உருவாக்கிய வாசகம் அது. 1924இல் அந்த நிறுவனமும் இணைந்து எம்.ஜி.எம். பிறந்தபோது சிங்கம், வாசகம் இரண்டும் அதன் சொத்தாயின. பிரெஞ்சில் எழுந்து ஆங்கிலத்துக்கும் வந்த 'கலை கலைக்காகவே' என்ற முழக்கத்தின் லத்தீன் வடிவம் இது. மொழிபெயர்ப்பாக இது தேறுமா?

இலக்கணத்தில் தேறும். 'ஆர்ஸ்' எழுவாய், 'ஆர்ட்டிஸ்' அதன் ஆறாம் வேற்றுமை, 'கிராட்டியா' என்றால் 'பொருட்டு'. வினைச்சொல் இல்லை என்பதும் குறையல்ல, ஆங்கில முழக்கத்திலும் இல்லை.

சொல்வைப்பில்தான் சறுக்கல். இந்தப் பொருளில் வரும் 'கிராட்டியா', ஆறாம் வேற்றுமைச் சொல்லுக்குப் பின்னால் நிற்பதே லத்தீன் வழக்கு. எடுத்துக்காட்டு சொல்ல ஆங்கிலத்தில் எழுதும் 'ஈ.ஜி.' என்பதன் விரிவு 'எக்ஸெம்ப்ளி கிராட்டியா'. தமிழ்க் காதுக்கு இது எளிதில் பிடிபடும்: 'கலையின் பொருட்டு' என்போம், 'பொருட்டுக் கலையின்' என்று சொல்லமாட்டோம். லத்தீனில் சொற்களை இடம் மாற்றும் உரிமை அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த உரிமைக்கு ஓர் அழுத்தமோ ஓசைத் தேவையோ காரணமாக வேண்டும். இங்கே கிடைப்பது வடிவச் சமநிலை மட்டுமே: நீளமான சொல் நடுவில், 'ஆர்' என்று தொடங்கும் சொற்கள் இரு ஓரத்தில். வட்டத்தில் அது அழகாக அமர்கிறது. அந்த அழகு ஓவியருடையது, மொழிபெயர்ப்பாளருடையது அல்ல.

பொருளில் இன்னும் ஆழமான சிக்கல். ரோமானியருக்கு 'ஆர்ஸ்' என்பது கற்றுத் தேரும் திறன், தொழில்நுட்பம், அதன் விதித்தொகுப்பு. 4ஆம் நூற்றாண்டில் தொனாத்துஸ் எழுதிய இலக்கண நூலின் பெயரும் 'ஆர்ஸ்'தான். பயன் கருதாத தூய கலை என்ற 19ஆம் நூற்றாண்டுக் கருத்து அந்தச் சொல்லில் இல்லை. இதை டீட்ஸின் பிழை என்று சொல்ல முடியாது. எந்த லத்தீன் அறிஞரும் இங்கே திணறியிருப்பார்.

ஆகவே என் முடிவு: சின்னமாக இது வெற்றி, மொழிபெயர்ப்பாக அரைத் தேர்ச்சி. 'ஆர்ஸ் ஆர்ட்டிஸ் கிராட்டியா' என்று வைத்திருந்தால் அதே 14 எழுத்துகளில் வழக்கும் காப்பாற்றப்பட்டிருக்கும். கலை என்ற சொல் தன்னையே அடுத்தடுத்துத் தொடும் ஓசையும் கிடைத்திருக்கும். நீண்ட பத்தியில் ஒரு சொல் இடம் மாறினால் மற்றவை தாங்கிக்கொள்ளும். மூன்று சொல் வாசகத்தில் தாங்குவதற்கு வேறு சொல் கிடையாது.